கபடி, கமெண்ட்ரி, கூத்து வைத்து இங்கிலீஷ்: கிருஷ்ணகிரியில் ஒரு கிளாஸ், காசுக்குத் தகுமா?

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாவதிலிருந்து பத்தாவதுக்குள் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறது, இங்கிலீஷ் பரீட்சையில் எழுபது எண்பது வாங்குகிறது, ஆனால் பெங்களூரிலிருந்து வந்த சொந்தக்காரர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் சமையல்கட்டுக்குள் ஓடிவிடுகிறது என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். மார்க்கைக் கூட்ட வேண்டும் என்றால் இது அதற்கான இடம் இல்லை, டியூஷனுக்கே அனுப்புங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இங்கிலீஷுக்கு 100 மார்க், 2019-20லிருந்து ஒரே பேப்பர், பேசிக் காட்டு என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. இங்கே நடப்பதோ முக்கால்வாசி பேச்சு.

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியிலும், அதை ஒட்டின காலி மனையிலும் நடக்கிறது. குறையும் எழுதப்போகிறேன் என்பதால் பேர் போடவில்லை. நடத்துகிறவர்கள் நல்ல மனுஷர்கள், வம்பு எதற்கு. ஒருவர் உடற்கல்வியில் பி.பி.எட். படித்த மாஸ்டர், சாயங்காலத்தில் பையன்களுக்கு ஃபுட்பால் கோச்சிங்கும் தருகிறார். இன்னொருவர் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த மிஸ், சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், அவர் தாத்தா கூத்தில் வேஷம் கட்டினவராம். இந்தக் கூத்து விஷயம் பின்னால் வரும், அங்கேதான் கிளாஸின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே இருக்கிறது. என் பொண்ணு ஒன்பதாவது, மச்சான் பையன் எட்டாவது. இரண்டு பேரையும் சனி ஞாயிறு காலையில் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், கடை திறக்க நேரம் இருந்தால் காம்பவுண்டு ஓரம் நின்று பார்ப்பேன். அதனால் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்னது.

நோட்டீஸில் 'விளையாடிக்கொண்டே இங்கிலீஷ்' என்று போட்டிருக்கிறார்கள். விளையாடுவதால் இங்கிலீஷ் வராது, அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். பையன்கள் மனையில் ஃபுட்பால் ஆடினார்கள், அரை மணி நேரத்தில் காதில் விழுந்த இங்கிலீஷ் 'பாஸ்', 'கோல்', 'ஃபவுல்' அவ்வளவுதான், மீதி எல்லாம் 'டேய் இங்க தள்ளுடா', 'ரா ரா', இன்னும் சில எழுத முடியாதது. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும்போது பேச்சு எங்கிருந்து வரும்? என்னடா இது, காசு கட்டி கிரவுண்டில் விடுகிறோமே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தின பிறகுதான் பாடமே ஆரம்பம் என்று. யார் மேல் தப்பு, ஏன் கோல் போகவில்லை, லைனைத் தாண்டிச்சா தாண்டலையா, எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் வாதாட வேண்டும். வாதாடி ஜெயித்தால்தான் அந்த கோல் கணக்கில் ஏறும். பதிமூன்று பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிப்பதை விட முக்கியமான காரியம் உலகத்தில் எது? அந்த வெறியில் தப்பும் தவறுமாக வாக்கியம் வந்துவிடுகிறது, தப்பைத் திருத்துவது அதற்கப்புறம்.

முதல் வாரம் புத்தகம் எதுவும் தரவில்லை. ஆட்டத்தில் நாம் தினமும் சொல்லுகிற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லுங்கள் என்று போர்டில் எழுத ஆரம்பித்தார் மாஸ்டர். டாஸ், ஓவர், வைடு, நோ பால், ரன் அவுட், கேட்ச், டிரா, அம்பயர், ரெய்டு, டேக்கிள், போனஸ், கார்னர், சப்ஸ்டிடியூட் என்று போர்டு நிறைந்து, சுவரில் சார்ட் ஒட்டி அதுவும் நிறைந்துவிட்டதாம். 'எனக்கு இங்கிலீஷே தெரியாது சார்' என்று சொன்ன பையன்தான் அதிகமாகச் சொன்னானாம். இது வெறும் தைரியம் கொடுக்கிற வேலை என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அதற்கு அடுத்த வாரம் செய்தது நிஜமாகவே கெட்டிக்காரத்தனம். ஸ்கூலில் வெர்ப் டேபிள் என்று ஒரு பக்கம் நெட்டுரு போடவைப்பார்களே, ஈ.டி. சேராத வெர்ப் எல்லாம், அதில் பாதி ஆட்டத்தில் வருகிறதுதான்: கேட்ச் காட் ஆகும், த்ரோ த்ரூ ஆகும், ரன், ஹிட், வின், லூஸ், பீட், ஃபால், ஹோல்டு, ஸ்விம், டிரா எல்லாம் அந்தக் கூட்டம். ஆடின மேட்ச்சைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னாலே இவ்வளவும் தானாக வந்து விழும். என் பொண்ணு 'கேட்ச்டு' என்று எழுதிக்கொண்டிருந்தது நின்றுபோனது இதனால்தான். 'வீ வன் தெம்' என்று நம்மவர்கள் எல்லாரும் சொல்லுவோமே, மேட்ச்சைத்தான் வின் பண்ண முடியும், எதிர் டீமை பீட் பண்ணணும் என்று இப்போது அவள் என்னைத் திருத்துகிறாள். சரி, இருக்கட்டும்.

கிராமரை இவர்கள் பிரித்து வைத்திருக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரே மேட்ச்சை மூன்று தடவை பேசவைக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது இரண்டு பேர் புளூடூத் மைக்கில் கமெண்ட்ரி. அது முழுக்க நிகழ்காலம், 'ஹி ரன்ஸ் இன், ஹி போல்ஸ், ஷி ஹிட்ஸ் இட் டு த வால்'. டிவியில் கேட்டுப் பாருங்கள், நிஜ கமெண்டேட்டர்களும் அப்படித்தான் பேசுவார்கள், பந்து வேகமாகப் போகும்போது வாக்கியத்தை நீட்ட நேரம் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் மறுநாள் பேப்பரில் வருகிற மாதிரி ரிப்போர்ட், அது இறந்தகாலம். மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குக் குஷி, தோற்ற டீமின் பஞ்சாயத்து. 'இஃப் யூ ஹேட் பாஸ்டு த பால், வீ வுட் ஹேவ் வன்.' ஸ்கூல் கிராமர் புக்கில் இஃப் கண்டிஷனல் டைப் த்ரீ என்று இருக்கும், பத்தாவது பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்கள். என் மச்சான் பையன் எட்டாவதுதான், தோற்றுவிட்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வரை அதே வாக்கியத்தை ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று புலம்புவதற்குத் தோற்றவனை விட்டால் யாருக்குத் தேவை இருக்கிறது!

மழை நாளில் மாடியில் டிவி. வால்யூமை மியூட்டில் போட்டுவிட்டுப் பழைய மேட்ச் துண்டுகளை ஓடவிட்டுப் பிள்ளைகள் கமெண்ட்ரி சொல்ல வேண்டும். 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்ட் இவர்களுடைய நிரந்தர ஐட்டம், 328 துரத்தி இந்தியா மூன்று விக்கெட்டில் ஜெயித்ததே, சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்ட் ஆடினது அதுதான். நடராஜன் ஓடிவரும்போது ஒவ்வொருவனும் மைக்குக்கு அடித்துக்கொள்வான். கபடிக்குப் புரோ கபடி. அதிலேயே ஒரு நாள் நான் பார்த்தது: மிஸ் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த, கபடி என்றால் என்னவென்றே தெரியாத ஆளாக நடித்தார். 'ஒய் ஆர் தே புல்லிங் ஹிஸ் லெக்? இஸ்ன்ட் இட் எ ஃபவுல்?' என்று ஒரே பச்சைப் பிள்ளைக் கேள்வியாகக் கேட்கிறார். பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஏழு பேர், முப்பது செகண்டு, ஹி மஸ்ட் சே கபடி, ஹி மஸ்ட் நாட் ஸ்டாப், ஹி கேன் டச், தே கேன் கேட்ச். டூ ஆர் டை ரெய்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் நாக்கு சிக்கிக்கொண்டது. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆகணும், எடுக்காவிட்டால் அவுட், இதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், லேசில் வராது. மிஸ் விடவில்லை, 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்' என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் காவேரிப்பட்டணத்திலிருந்து வருகிற ஒரு பொண்ணு, அதுவரை வாயே திறக்காதது, மூன்று செருப்பைத் தரையில் வரிசையாக வைத்து, 'திஸ் எம்ப்டி, திஸ் எம்ப்டி, திஸ் ஒன் எம்ப்டி மீன்ஸ் ஹி கோஸ் அவுட்' என்றது. கிராமர் பார்த்தால் குறை சொல்லலாம். ஆனால் விஷயம் தெளிவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, மிஸ் கை தட்டிவிட்டு அதே வாக்கியத்தை நேராக்கித் திருப்பிச் சொன்னார், அந்தப் பொண்ணும் அப்படியே பிடித்துக்கொண்டது.

நம் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதை இவர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். கிருஷ்ணகிரியில் நிறைய வீட்டில் தெலுங்கு, கொஞ்சம் பேர் வீட்டில் உருது, ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம். பழையபேட்டைப் பையன் ஒருத்தன் வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ். மூன்று பாஷையில் சண்டை போடத் தெரிந்தவனுக்கு நாலாவதில் கூச்சம் எதற்கு என்று மாஸ்டர் அடிக்கடி சொல்லுவார். பொங்கல் முடிந்து எருது விடுகிற சீசனில் இதை வைத்தே ஒரு கிளாஸ். எருது விடும் விழாவில் மைக் பிடித்திருக்கிறவர் தமிழும் தெலுங்குமாக எப்படி ஒரே மூச்சில் பேசுவார் என்பது எல்லாப் பிள்ளைக்கும் அத்துப்படி, எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, எத்தனை செகண்டு. அதே வேகத்தில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். 'ஃபாஸ்டர் தேன்', 'த ஃபாஸ்டஸ்ட் ஸோ ஃபார்' என்று டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன் முழுக்க ஒரே காலையில் முடிந்துபோனது. கயிறு, தடுப்பு, கொம்பில் கட்டுகிற பரிசு மூட்டை இதற்கெல்லாம் வார்த்தை கிடைக்காமல் தமிழையே போட்டார்கள், மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது.

இதற்கு நேர் எதிராக ஒரு ஃபைன் டப்பா வைத்திருந்தார்கள், அதைத் திட்டாமல் இருக்க முடியாது. தமிழில் பேசினால் இரண்டு ரூபாய். ஊரில் எல்லா ஸ்போக்கன் கிளாஸிலும் இருக்கிற வியாதிதான். என்ன ஆனது தெரியுமா, கபடி ஆடுகிற பிள்ளைகள் ஊமையாகிவிட்டார்கள். பேசினால்தானே தப்பு வரும், தப்பு வந்தால்தானே காசு போகும். கமெண்ட்ரிக்கு மைக் கொடுத்தால் 'ரெய்டு... அவுட்... நெக்ஸ்ட் ரெய்டு' என்று தந்தி அடித்தார்கள். இரண்டு மூன்று அப்பாக்கள் சேர்ந்து கேட்ட பிறகு டப்பாவை எடுத்துவிட்டார்கள், உடனே சத்தம் திரும்பி வந்தது. இப்போது புது பேட்ச்சுக்கு மறுபடியும் வைத்திருப்பதாகக் கேள்வி. சேர்க்கப் போகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

பொண்ணுகள் விஷயம் கொஞ்சம் சிக்கல். மனை ரோட்டைப் பார்த்து இருக்கிறது, எட்டாவது ஒன்பதாவது பொண்ணுகள் ஃபுட்பால் ஆடுவதை வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும், சில அம்மாக்கள் ஆடவே கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். மாஸ்டரும் மல்லுக்கு நிற்காமல் பொண்ணுகளை ஸ்கோர் எழுதவும் கமெண்ட்ரிக்கும் ஒதுக்கிவிடுகிறார். என் பொண்ணுக்கு இதில் பயங்கரக் கோபம், அவள் ஸ்கூலில் கோகோ ஆடுகிறவள், 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் ஆண், பெண் இரண்டு டீமும் ஜெயித்தது நாம்தானே, அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டு வாரத்தில் ஒரு மணி நேரம் கோகோ வாங்கினாள். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓரமாக உட்காரவைத்த பொண்ணுகள்தான் இப்போது பையன்களை விட நன்றாகப் பேசுகிறார்கள். பையன் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு 'பாஸ்' என்று பத்துத் தடவை சொல்லியிருப்பான், இவள் அந்த ஒரு மணி நேரமும் வாய் ஓயாமல் வர்ணித்திருப்பாள். பேசினவருக்குத்தானே பேச்சு வரும். அதற்காக ஆட விடாமல் வைப்பது சரியாகிவிடாது, சுழற்சி முறையில் எல்லாரையும் ஆடவும் வைக்க வேண்டும், மைக்கும் கொடுக்க வேண்டும். இதை நான் நேராகவே சொன்னேன், 'பார்க்கலாங்கண்ணா' என்றார் மாஸ்டர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நாடகப் பாதிக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஸ் ராஜ்யம். ஸ்டேச்சு விளையாட்டில் ஆரம்பிப்பார்: பஸ்ஸில் சில்லறைச் சண்டை, தோப்பில் மாங்காய் பறிக்கும்போது மாட்டிக்கொண்டது, இப்படி ஒரு காட்சியைக் கொடுத்ததும் நாலு பேர் சிலையாக நிற்க வேண்டும், மிஸ் யார் தோளைத் தொடுகிறாரோ அவர் மட்டும் அந்த ஆள் மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் என்பதால் யாருக்கும் பயம் இல்லை. அப்புறம் ஓசூர் கம்பெனி இன்டர்வியூ, பேங்க் கவுண்டர், பெங்களூர் மெட்ரோவில் வழி தெரியாமல் நிற்பது மாதிரி நாடகங்கள், நடுவில் பார்க்கிறவர் யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' சொல்லி எழுந்து போய் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி பேசிக் காட்டலாம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்த முறை என்று மிஸ் சொன்னார். அங்கே அவர் ஏழை ஜனங்கள் தங்கள் பிரச்சினைக்குத் தாங்களே வழி தேடுவதற்காகச் செய்தது, இங்கே பேங்க் கவுண்டரில் செலான் கேட்பதற்கு உதவுகிறது. உதவத்தான் செய்கிறது.

பிரஸ் மீட் என்று ஒன்று உண்டு, ஒருவர் விளையாட்டு வீரராக நடுவில் உட்கார, மற்றவர்கள் நிருபர்கள். மாரியப்பன் தங்கவேலுவாக மச்சான் பையன் உட்கார்ந்தான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம், இதெல்லாம் வீட்டிலேயே படித்துக்கொண்டு போனான். போய் உட்கார்ந்தால் எல்லாக் கேள்விக்கும் 'யெஸ்', 'நோ', 'வெரி ஹேப்பி'. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வி எல்லாம் 'ஆர் யூ ஹேப்பி' ரகம். மிஸ் பதில் சொல்கிறவனை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடித்துக்கொண்டார், யெஸ் நோவில் முடிகிற கேள்வி கேட்டால் அந்த நிருபர் வெளியே. அப்புறம் 'ஹவ் டிட் யூ', 'வாட் வென்ட் த்ரூ யுவர் மைண்ட்' என்று வர ஆரம்பித்தது, பையனுக்கும் வேறு வழி இல்லாமல் வாய் திறந்தது.

இந்த பிரஸ் மீட்டையும் கூத்தையும் ஒன்றாகக் கலந்ததுதான் இந்த கிளாஸிலேயே நான் பார்த்த சிறந்த காரியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பாரதக் கூத்து பார்க்காத பிள்ளை குறைவு, திரௌபதி அம்மன் கோயிலில் நாள்கணக்கில் பாரதம் நடந்து கடைசியில் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைச் செய்து படுகளம் நடக்குமே. அந்தப் படுகளத்தில் விழுந்து கிடக்கிற துரியோதனன் பிரஸ் மீட் கொடுக்கிறான். கூத்தில் கதையை நடத்திக்கொண்டே சிரிக்கவைக்கிற கட்டியக்காரன் மட்டும் தமிழில் பேசலாம், மற்ற எல்லாரும் இங்கிலீஷ். கட்டியக்காரன் ஒரு ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. 'மகாராஜா, கதாயுத்தத்துல தோத்துப் படுத்திருக்கீங்களே, ஒடம்பு எப்படி இருக்கு?' என்று அவள் கேட்டதற்கு, துரியோதனன் பையன் படுத்தபடியே, 'ஐ டிட் நாட் லூஸ். ஹி ஹிட் மீ பிலோ த பெல்ட். ஆஸ்க் த அம்பயர்' என்றான். அம்பயர் யார், பலராமன். துரியோதனன், பீமன் இரண்டு பேருக்கும் கதாயுதச் சண்டை சொல்லிக் கொடுத்த குரு அவர்தான், இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது ஆட்ட விதி, பீமன் தொடையில் அடித்ததும் கொதித்துப் போனவர், எல்லாம் மகாபாரதத்தில் இருப்பதுதான். பலராமன் பாக்கெட்டிலிருந்து ரெட் கார்டை எடுத்துவிட்டார். கிருஷ்ணர் ஓடிவந்து அம்பயர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போகிறார். 'நோ காமெண்ட்ஸ் பிளீஸ்' என்கிறார் எங்களைப் பார்த்து. நிருபர்கள் பீமனை வளைத்துக்கொண்டு, ஏன் தொடையில் அடித்தாய் என்று கேட்க, 'பிகாஸ் ஐ ப்ராமிஸ்டு இன் ஃப்ரண்ட் ஆஃப் எவ்ரிபடி' என்றான் பீமன். சபையில் செய்த சபதம்! என் பொண்ணு நிருபராக நின்று, 'ஸோ யூ நியூ இட் வாஸ் எ ஃபவுல்?' என்று மடக்கினாள். பீமன் முழித்தான். இதில் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்தது இல்லை, எல்லாம் அந்த இடத்தில் வந்தது. நான் கடையை மறந்து நின்றேன், உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கடை திறக்கப் பத்தரை ஆகிவிட்டது.

இதையே ஆண்டு விழாவுக்கு மேடை ஏற்றினார்கள், அங்கேதான் கெடுத்தார்கள். கெடுத்ததில் பாதிப் பங்கு பெற்றோருக்கு, வாட்ஸ்அப் குரூப்பில் 'பிள்ளைகள் தப்பு இல்லாமல் பேசணும் மிஸ்', 'அமெரிக்கன் ஆக்சென்ட் வருமா மிஸ்' என்று ஒரே மெசேஜ். மிஸ்ஸும் பயந்துபோய் முழு வசனத்தையும் டைப் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மாசம் கிளாஸ் என்பதே நெட்டுரு. ஆட்டம் நின்றது, கமெண்ட்ரி நின்றது, என் பொண்ணு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். மண்டபத்தில் என்ன நடந்தது? கிளாஸில் படுத்துக்கொண்டே அஞ்சு நிமிஷம் விடாமல் வாயடித்த அதே துரியோதனன், மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை மறந்துபோய், அதை விட்டுவிட்டு வேறு மாதிரி சொல்லலாம் என்பதே தோன்றாமல் அப்படியே கிடந்தான். சைடில் இருந்து மாஸ்டர் வசனத்தைக் கிசுகிசுக்கிறார், மைக்கில் அது எல்லாருக்கும் கேட்கிறது. கட்டியக்காரப் பொண்ணுதான் காப்பாற்றினாள், 'மகாராஜாவுக்குத் தொடை வலிங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க' என்று சமாளித்துச் சிரிக்கவைத்து அவனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குத்தான் எழுதின வசனம் இல்லை, தமிழ் என்பதால் விட்டுவிட்டிருந்தார்கள். பாட்டிகளுக்கெல்லாம் படுகளம் தெரிந்த கதை என்பதால் இங்கிலீஷ் புரியாமலே ரசித்தார்கள், அது சந்தோஷம். ஆனால் அந்த ஒரு மாசம் வீண், அதற்கும் முழு ஃபீஸ்.

ஃபீஸ் மாதம் 1,200, சேரும்போது 500. நம் ஊருக்கு இது அதிகம், ஆனால் முப்பது நாளில் சரளமாகப் பேசவைக்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறவர்கள் வாங்குவதையும், அங்கே 'குட் மார்னிங், மை நேம் இஸ்' என்று வரிசையாக ஒப்பிக்கவைப்பதையும் பார்த்தால் இது பரவாயில்லை. என் கோபம் பின்னால் வருகிற வசூல் மேல்தான். டி-ஷர்ட் 350, கட்டாயம். ஆண்டு விழா வேஷத்துக்கு 600, நிருபராக நிற்கிற பிள்ளைக்கும் அதே 600. நிருபருக்கு என்ன வேஷம், கையில் ஒரு நோட்டு. சேரும்போதே மொத்தமாக இவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்போம்.

எழுதுவது பலவீனம், மேட்ச் ரிப்போர்ட் தவிர வேறு எழுத்து வேலை இல்லை, அதிலும் ஸ்பெல்லிங் திருத்துவதில்லை. ஹி, ஷி இன்னும் என் பொண்ணுக்கு மாறிப்போகிறது. உச்சரிப்புக்கு என்று தனியாக ஒன்றும் செய்வதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை, உங்களுக்குப் படலாம். பேட்ச்சில் முன்பு இருந்ததை விட இப்போது கூட்டம் அதிகம், மைக் ஒருத்தர் கைக்கு ஒரு காலையில் ஒரு தடவை வந்தாலே பெரிது. இந்த மாதிரி கிளாஸில் மைக் வராத பிள்ளைக்கு அன்றைக்குப் பாடமே இல்லை என்று அர்த்தம், அதனால் பேட்ச்சைப் பிரித்தே ஆக வேண்டும். மாங்காய் சீசனில் மட்டும் இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும், பாதிப் பிள்ளைகள் தோப்பிலும் மண்டியிலும் இருப்பார்கள்.

பலன் என்ன என்று கேட்டால், ஸ்கூல் மார்க் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. போன லீவில் பெங்களூரில் மச்சினிச்சி அபார்ட்மெண்டில் பிள்ளைகள் பேட்மின்டன் ஆடும்போது லைன் கால் ஒன்றுக்கு என் பொண்ணு அங்கிருந்த பிள்ளைகளோடு கால் மணி நேரம் இங்கிலீஷில் சண்டை போட்டாள், விட்டுக்கொடுக்கவில்லை. மச்சினிச்சி என்னிடம் புகார் சொன்னாள். நான் மறுநாள் அடுத்த மாச ஃபீஸை ஜிபே பண்ணிவிட்டேன்.

சேர்க்கிறவர்களுக்கு: ஜூனில் ஆரம்பிக்கிற பேட்ச்சில் சேருங்கள், ஆண்டு விழா நெட்டுரு தொடங்குவதற்கு முன்னால் நல்ல மாசங்கள் நிறைய கிடைக்கும். ஃபைன் டப்பா இருக்கிறதா, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், பொண்ணுகளுக்கு ஆட்டம் உண்டா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். நேரம் சனி ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது. மனையில் நிழல் கிடையாது, ஏப்ரல் மே என்றால் எட்டரைக்கே வெயில் ஏறிவிடும், தண்ணி பாட்டில் பெரிதாகக் கொடுத்து அனுப்புங்கள். வேலிக் கருவேல முள் அங்கங்கே கிடக்கிறது, ஷூ இல்லாமல் அனுப்பாதீர்கள்.